காற்றுப் பம்போடு போன தவணைக்காரன்

பழைய மோட்டார் சைக்கிளைத் தவணைக்கு விற்கிறவனுக்கு எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும். மனிதர்களுடைய மானத்தைப் பற்றித்தான் நிறையத் தெரிந்திருக்கவேண்டும். நீங்கள் எப்போதாவது பாக்கி வாங்க ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால், அல்லது தட்டுகிறவன் யாரென்று தெரிந்து மெல்லக் கொல்லைப்புறம் நகர்ந்திருந்தால், நமக்குள் ஒளிவுமறைவு வேண்டியதில்லை. நான் தட்டிய கட்சி. நகர்ந்த கட்சிக்காரர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

கால் இல்லாத அரிசி மூட்டை

இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்திய கதை. திருச்சி பாலக்கரையில் சின்ன ராவுத்தரின் சைக்கிள் கடையில் நான் வேலைக்கு இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மீதிப் படிப்பெல்லாம் சைக்கிள் சாமான் வந்த பெட்டிகளின்மேல் ஒட்டியிருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்ததுதான். சீமைக்குத் திரும்புகிற துரைமார் தங்கள் மோட்டார் சைக்கிள்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவதைப் பார்த்த சின்ன ராவுத்தருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஐந்து வண்டிகளை வாங்கிக் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் நிறுத்தினார். மெக்கானிக் அந்தோணி அவற்றைப் பிரித்துப் பூட்டிச் சரியாக்குவார். நான் ஆள் பிடித்துத் தவணைக்கு விற்று, மாதாமாதம் போய்ப் பணம் வாங்கி வரவேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சின்ன ராவுத்தர் மார்க்கப்பற்று உள்ளவர். வட்டி என்ற பேச்சே அவருக்கு ஹராம். ஒரு விலை சொல்வார். அதையே தவணைகளாகப் பிரிப்பார். நாள் தவறினாலும் ஒரு தம்பிடி கூட்டி வாங்கக்கூடாது. கடன்பட்டவர் வீட்டு வாசலில் சத்தம் போடக்கூடாது. நாலு பேர் பார்க்க வண்டியைப் பிடுங்கி வரவும் கூடாது. அப்படியானால் எதைக் காட்டித்தான் பணம் வாங்குவது என்று கேட்டேன். “முகத்தைக் காட்டுங்க” என்றார்.

பணம் போட்டவர் அவருடைய அண்ணன், அரிசி மண்டி பெரிய ராவுத்தர். அவர் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கெடு வைத்தார். அடுத்த வருஷ ரம்ஜான் பெருநாளுக்குள் ஐந்து வண்டிப் பணமும் வந்துவிட்டால் என் வேலை நிரந்தரம். ஒரு வண்டிப் பணம் நின்றாலும் கொட்டகை அவருடைய அரிசிக்கு, நான் என் வீட்டுக்கு. போகும்போது என் தோளில் தட்டிச் சமாதானமாகச் சொன்னார்: “மனசுல வச்சுக்காதீங்க தம்பி. அரிசி மூட்டைக்குக் கால் கிடையாது பாருங்க, வச்ச எடத்துலயே இருக்கும்.”

வக்கீல் தேடிய வட்டி

முதலில் வந்தவர் கண்டோன்மெண்ட்டில் பேர் பெற்ற ஒரு வக்கீல். கோர்ட்டுக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டுமென்றார். பச்சை டாங்கி வைத்த வண்டியை அந்தோணி ஒரே உதையில் கிளப்பிக் காட்டினார். வக்கீலுக்குத் திருப்தி. ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கினார். அது அரைப் பக்கம்தான். படித்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தும் பார்த்தார். “வட்டி எங்கே?” என்றார். இல்லை என்றேன். “விலைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்களா?” என்றார். ரொக்கம் கொடுத்தாலும் இதே விலைதான் என்றேன். “சரி, நான் கெடு தவறினா?” “நான் வருவேங்க.” “வந்து?” “மறுபடியும் வருவேங்க.”

அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் அவருடைய குமாஸ்தா வந்து அதே கேள்விகளை வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டுப் போனார். எங்கள் கடையைப் பற்றிப் பக்கத்துக் கடைகளில் விசாரித்ததும் தெரிந்தது. கடைசியில் வண்டிமேல் இருந்த ஆசை ஜெயித்தது. ஏதோ தோற்றுப்போன கேஸில் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி போட்டுவிட்டு, குமாஸ்தாவைப் பார்த்துப் பெருமூச்சோடு சொன்னார்: “வட்டி கேக்கறவனை நம்பலாம்யா, அவனுக்கு என்ன வேணும்னு நமக்குத் தெரியும். வட்டியே வேணாங்கறானே, இவனுக்கு என்னதான் வேணும்?”

ஸ்ரீரங்கத்துக் காற்று

இரண்டாவது வண்டி ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்குப் போயிற்று. ராகவன் என்று ஒரு சயன்ஸ் வாத்தியார், காவேரிப் பாலம் தாண்டித் திருச்சியில் ஒரு ஹைஸ்கூலுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர். வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு மணி நேரத்தில் சைக்கிளில் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. அவருடைய தகப்பனார் வண்டியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாராம். ஆனால் தவணையில் வாங்கியது என்று தெரிந்தால் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாராம். அவர் பரம்பரையில் கடன்காரன் வாசல்படி ஏறியதே இல்லையாம். “நீங்க மாசாமாசம் வரணும், ஆனா தவணைக்கு வந்ததாத் தெரியப்படாது. என்ன பண்ணலாம்?” என்றார். கடையில் என் கையில் அப்போது காற்றுப் பம்பு இருந்தது. அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அந்த மாதத்திலிருந்து பம்பைத் தூக்கிக்கொண்டு உத்தர வீதிக்குப் போனேன். “டயருக்குக் காத்துப் பாக்க வந்திருக்கேங்க” என்று குரல் கொடுப்பேன். இரண்டு சக்கரத்துக்கும் நிஜமாகவே காற்றடிப்பேன். அதற்குள் வாத்தியார் மடித்த காகிதத்தில் பணத்தைக் கொண்டுவந்து என் கையில் வைப்பார். ஒருநாள் நல்ல பூணூலும் பளிச்சென்ற திருமண்ணுமாகத் தகப்பனார் பின்னாலேயே வந்துவிட்டார். காகிதம் கை மாறுவதைப் பார்த்தார். உள்ளே இருப்பது நோட்டு என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது. பெரியவர் பம்பையும் மகனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மனம் நொந்து சொன்னார்: “ஏண்டா ராகவா, பெருமாள் காவேரிக் காத்தை லோகத்துக்கெல்லாம் தர்மமா விட்டிருக்கார். நீ அதைப் பிடிச்சு ரப்பருக்குள்ள அடைக்கறதுக்கு மாசாமாசம் இவ்வளவு கூலி அழறயே, இது அடுக்குமா?”

கூப்பிடாமல் வருகிறவர்

உத்தர வீதியில் பலித்த வித்தையை மற்ற வீடுகளிலும் செய்துபார்த்தேன். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. தெருவில் யாரும் பாக்கிக்காரனோ என்று எட்டிப் பார்க்கவில்லை. குழந்தைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்காரர் தலை நிமிர்ந்தபடியே பணம் கொடுத்தார். சின்ன ராவுத்தர் முகத்தைக் காட்டச் சொல்லியிருந்தார். முகத்தைவிடப் பம்பைக் காட்டுவது எனக்கு எளிதாக இருந்தது. நான் அதிகம் பேசத் தெரியாதவன். காற்றடிக்கிறவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை.

வக்கீல் வீட்டில் மட்டும் இரண்டு மூன்று முறை போனால்தான் பணம் வரும். ‘கோர்ட் லீவு’, ‘கட்சிக்காரன் இன்னும் கொடுக்கவில்லை’ என்பார். நான் சரிங்க என்று காற்றை மட்டும் அடித்துவிட்டு வருவேன். நாலு நாளில் மறுபடியும் போவேன். அப்படி ஒருமுறை குனிந்து அடித்துக்கொண்டிருந்தபோது வக்கீலின் மனைவி ஒரு டம்ளர் மோரோடு வந்தார். தன் வீட்டுக்காரரைப் பார்த்து, என் காதில் விழும்படியாகவே சொன்னார்: “நம்ம டாக்டருக்கு ஆள்மேல ஆள் அனுப்பினாலும் வரமாட்டேங்கறார். இந்தத் தம்பியைப் பாருங்க, கூப்பிடாமலே வராரு! இவருக்கு ஏதாவது பாத்துச் செய்யுங்களேன்!” வக்கீல் அன்றே முழுத் தவணையும் கொடுத்துவிட்டு, வாசல்வரை வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “நீ வட்டி வாங்கியிருக்கலாம்யா. அது இவ்வளவு வலிக்காது.”

ஜாமீன்தார் சவாரி

மூன்றாவது வண்டியை வாங்கியவர் சமயபுரம் பக்கத்து நெய் வியாபாரி. அவரை எங்களுக்குத் தெரியாது. ஆகவே ஜாமீன் கேட்டோம். அவர் தன் அக்காள் புருஷனை அழைத்து வந்தார். நல்ல ஆகிருதி, பெரிய மீசை. “இவன் கட்டலைன்னா நான் கட்டறேன்” என்று கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு வண்டியை நெய் வியாபாரி கிளப்பப் போக, ஜாமீன்தார் கையைப் பிடித்து நிறுத்தினார். “இருடா மாப்பிள்ளை. நாளைக்கு என் தலையில விழப்போற வண்டி. அது எப்படி ஓடுதுன்னு நான் பாத்துக்கவேணாமா?” என்று ஏறி உட்கார்ந்தார். நெய் வியாபாரி பின்னால் உட்கார்ந்து போனார்.

அடுத்த மாதம் காற்றடிக்கப் போனபோது வண்டி இல்லை. ஜாமீன்தார் வீட்டில் இருந்தது. அதற்கடுத்த மாதமும் அங்கேதான். அவர் வண்டியைத் துடைத்து, மாலை போட்டு, சந்தை, கல்யாணம், கோவில் என்று எல்லா இடத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தார். வண்டியின் க்ஷேமத்தைக் கவனிப்பது ஜாமீன்தாரின் கடமை என்று ஊரில் எல்லோருக்கும் விளக்கியும் வைத்திருந்தார். நெய் வியாபாரி பழையபடி மாட்டு வண்டியில் நெய் டின்களோடு போய்க்கொண்டிருந்தார். அக்காள் புருஷனை எதிர்த்து ஒன்றும் சொல்லமுடியாது. ஆனாலும் ஒரு தவணைகூட அவர் தவறவிடவில்லை. ஏன் இப்படி ஓடி ஓடிக் கட்டுகிறீர்கள், ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தால்தான் என்ன என்று நானே இரக்கப்பட்டுக் கேட்டேன். அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரு மாசம் நான் விட்டேன்னா மாமா கட்டிடுவாருங்க. கட்டிட்டார்னா வண்டி அவருதுன்னே ஆயிடும். இப்ப ஓட்டறது மட்டும்தானே அவரு!”

முக்கொம்புக்கு ஒரு சோதனை

ஐந்து வண்டிகளில் விலைபோகாமல் கிடந்தது ஸைட்கார் வைத்த வண்டிதான். பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு தொட்டி. அதில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மிராசுதார் வந்து பார்த்தார். ஓட்டிப் பார்க்காமல் அச்சாரம் கொடுக்கமாட்டேன் என்றார். நியாயம்தான். அந்தோணி ஓட்ட, மிராசுதார் பின்னால் உட்கார, அவர் மனைவி தொட்டியில் உட்கார்ந்து முக்கொம்புவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தார்கள். புளியோதரை, தயிர்சாதம், அந்தோணிக்கும் ஒரு பொட்டலம். அம்மாளுக்கு வண்டி பிடித்திருந்தது. ஆனால் மாமியார் ஏறிப் பார்த்தால் நல்லது என்றார்கள். அடுத்த ஞாயிறு மாமியார். அதற்கடுத்து, மூட்டுவலிக்காரராகிய சித்தப்பாவுக்குக் குலுக்கல் தாங்குகிறதா என்று பார்க்க அவர். அப்புறம் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த நாத்தனார்.

பெட்ரோல் எங்கள் செலவு. அந்தோணிக்குப் புளியோதரை அலுத்துப்போய், “இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை போனா நான் மாதா கோவிலுக்குப் பதில் சொல்லமுடியாதுப்பா” என்றார். சின்ன ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் துணிந்து மிராசுதாரிடம் போய், வண்டியில் ஏதாவது குறை உண்டா, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேவிட்டேன். அவர் ரொம்ப யோசித்து, மனமார்ந்த வருத்தத்தோடு சொன்னார்: “வண்டியில ஒரு குறையும் இல்லீங்க. ஏத்திக் காட்டறதுக்கு எங்க சொந்தக்காரங்கதான் தீந்துபோயிட்டாங்க.”

உறையூர் மாமா

அந்த ஸைட்காரைக் கடைசியில் வாங்கியவர் உறையூர் முத்துசாமி மாமா. என் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். நாங்களும் நெசவுக் குடும்பம்தான்; எனக்குத்தான் தறி வரவில்லை. கால் மிதிக்கிறபோது கை மறந்துவிடும். மாமா நாலு தறி வைத்து நெய்து, சேலைகளைத் திருச்சிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். குதிரை வண்டிக்காரர்களிடம் பேசிப் பேசிச் சலித்துப்போயிருந்தார். மனிதர்கள் உட்கார்ந்து பார்த்த அந்தத் தொட்டியில் அவர் ஒரு சேலை மூட்டையை உட்காரவைத்துப் பார்த்தார். மூட்டை கச்சிதமாகப் பொருந்தியது. அன்றே அச்சாரம் கொடுத்தார்.

மாமா எதையும் இரண்டு முறை பார்க்கிறவர். நூலை இழுத்துப் பார்ப்பார். நோட்டை வெயிலில் பார்ப்பார். மாதாமாதம் நான் காற்றடிக்கப் போகும்போது, நான் அடிப்பதை எதிரே நின்று பார்ப்பார். ‘சம்பளம் என்ன’, ‘கடை யாருடையது’, ‘காப்பி குடிக்கிற பழக்கம் உண்டா’ என்று ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கேள்வி. உள்ளே ஒரு தறி ஓடிக்கொண்டேயிருக்கும். நான் பதில் சொல்லும்போது மட்டும் அந்தச் சத்தம் நின்று, பதில் முடிந்ததும் மறுபடி தொடங்கும். அது அவர் மகள் குஞ்சம்மாளின் தறி என்று பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் நான் பம்பைக் கழற்றி எழுந்தபோது மாமா சொன்னார்: “வண்டியைப் பாத்து முடிச்சாச்சு தம்பி. இப்ப உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்.”

உப்பிலியபுரத்து விசிறி

பெருநாள் நெருங்கியபோது இரண்டு இடத்தில் பாக்கி இருந்தது. ஒன்று உப்பிலியபுரம். அங்கே ஒரு கடலை விவசாயி கறுப்பு வண்டியை வாங்கிப் போயிருந்தார். இரண்டு தவணை கடைக்கே வந்து கொடுத்தவர் பிறகு வரவேயில்லை. அவ்வளவு தூரம் பம்போடு போகமுடியாது என்று நானும் விட்டுவைத்திருந்தேன். வண்டியோடு ஆள் பச்சைமலை ஏறிவிட்டாரோ என்று பெரிய ராவுத்தர் கேட்டுவிட்டார். உடனே பஸ் ஏறினேன். பழக்கதோஷத்தால் பம்பும் கையிலிருந்தது.

ஊருக்குள் நுழையும்போதே எங்கள் வண்டியின் சத்தம் கேட்டது. சத்தம் வந்த பக்கம் போனேன். களத்துமேட்டில் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தார்கள். பின்சக்கரத்தில் டயரே இல்லை. வெறும் வளையத்தில் ஒரு பட்டையை மாட்டி, அதைக் கடலை உடைக்கிற இயந்திரத்தோடு இணைத்திருந்தார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற நிலக்கடலைப் பருப்பு ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூடாகாமல் இருக்க, ஒரு ஆள் முறத்தை வைத்து அதற்கு விசிறிக்கொண்டிருந்தார், மாப்பிள்ளைக்கு விசிறுகிற மாதிரி. சுற்றுவட்டாரக் கடலையெல்லாம் அங்கேதான் வருகிறதாம்.

விவசாயி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். தனியாக எடுத்து வைத்திருந்த பணத்தை முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஏன் கொண்டுவந்து கட்டவில்லை என்றேன். அவருக்குத்தான் என்மேல் வருத்தம்: “காத்தடிக்க வர்ற அன்னைக்குத்தான் பணம் கொடுக்கிற வழக்கம்னு உங்க கடையிலயே பேசிக்கிட்டாங்க. நீங்க வரலை. டயரைக் கழட்டிட்டதால கோவமாக்கும்னு நானும் பேசாம இருந்துட்டேனுங்க!”

போகக்கூடாத வீடு

மிஞ்சியது ஒரே பாக்கி. அது உறையூர் மாமாவின் கடைசித் தவணை. இதற்குள் எனக்கும் குஞ்சம்மாளுக்கும் நிச்சயமாகி, வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. வெற்றிலை மாற்றியபின் கல்யாணம்வரை மாப்பிள்ளை பெண் வீட்டு வாசல்படி மிதிக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். காற்றடிக்கக்கூட. அதிலும் மாமனாராகப் போகிறவரிடம் போய்ப் பாக்கியைக் கேட்டு நிற்கிற மாப்பிள்ளை எந்த ஊரிலும் இல்லை. ஊரில் எத்தனையோ கதவைத் தட்டிய எனக்கு, என் வேலையே தொங்குகிற அந்த ஒரு கதவைத் தட்டமுடியவில்லை.

ஆகவே அந்தோணி போனார். மாமா அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பணம் பெட்டியில் தயாராக இருக்கிறது என்றும் சொன்னார். ஆனால் கொடுக்கமாட்டாராம். மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரம் என்று பெரிய ராவுத்தர் வாயால் சொன்னால் அந்த நிமிஷமே தருவாராம். வேலை போகிறதாக இருந்தால், அந்தப் பணம் கல்யாணச் செலவுக்காவது மிஞ்சட்டும் என்பது அவர் கணக்கு. அந்தோணி இதைக் கொண்டுபோய்ப் பெரிய ராவுத்தரிடம் சொன்னார். பணம் வந்தால் வேலை நிரந்தரம், வராமல் நான் எப்படிச் சொல்வது என்றார் அவர். மறுபடி உறையூர். மறுபடி அரிசி மண்டி. இரண்டு இடத்திலும் அந்தோணிக்குக் காப்பி கிடைத்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. பெருநாளுக்கு முந்திய நாள், மண்டிக் கூலியாட்கள் இரண்டு பேர் வந்து கொட்டகையை அளந்துவிட்டுப் போனார்கள். சின்ன ராவுத்தர் நோன்பில் வாடிய முகத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, வட்டி கேட்டிருந்தா ரெண்டு பேரும் அதைச் சொல்லிச் சண்டை போட்டு முடிச்சிருப்பாங்க. இங்க ரெண்டு பேரும் நியாயம் பேசறாங்களே, அதான் முடியமாட்டேங்குது.”

தறிக்குப் பின்னாலிருந்து

அன்று மாலை நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னால் அந்தோணி கடைசியாக ஒருமுறை உறையூர் போனார். போனவர் சீக்கிரமே திரும்பினார். முழுத் தவணையையும் பெரிய ராவுத்தர் கையில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். பெரிய ராவுத்தர் நோட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “நாளைக்குப் பிரியாணி சாப்பிட வந்துடுங்க. நாளன்னைக்குக் காலையில நேரத்தோட கடைக்கு வந்துடுங்க” என்றார். அவ்வளவுதான் என் நிரந்தரம்.

நடந்ததை அந்தோணி பிறகு சொன்னார். மாமா வழக்கமான நியாயத்தையே தொடங்கினாராம். உள்ளே தறிச் சத்தம் நின்றது. “அப்பா, அவருக்கு வேலை போனா கல்யாணம் நின்னுடுமா?” என்று ஒரு குரல் வந்தது. மாமாவுக்கு ரோஷம். “வெத்திலை மாத்தின பேச்சு மாறாது. எது போனாலும் கல்யாணம் நடக்கும்” என்றார். “அப்ப வேலையில்லாதவர் என்னை எங்க கூட்டிக்கிட்டுப் போவார்?” மாமா கொஞ்சம் யோசித்து, “இங்கதான் இருக்கணும், வேற எங்க போறது” என்றார். அதற்குப் பிறகு வந்த வார்த்தைகளைக் கேட்டுத்தான் மாமா விருட்டென்று எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாராம். குஞ்சம்மாள் சொன்னது இது: “சரிப்பா. அவருக்குத் தறியும் வராதாமே, நெய்யவும் போறதில்லை. மூணு வேளையும் உங்க எதிர்லயே உக்காந்திருப்பாரு. உங்களுக்குப் பரவாயில்லைதானே?”

*

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வரும்வரை கொட்டகை நடந்தது; அதன்பிறகும் சைக்கிள் கடையில் எனக்கு வேலை இருந்தது. குஞ்சம்மாள் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது.

பழைய வண்டிகளுக்குப் பணம் வாங்கித் திரிந்த அந்தத் தொழிலில் எனக்கு மிஞ்சியதைச் சொல்லவேண்டுமானால், வயதாகி வேலையை விட்டபின் மூன்று வேளையும் நான் குஞ்சம்மாளின் எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தேன்; பரவாயில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை, எழுந்து போகவும் சொன்னதில்லை.